மானாவாரி

கேபார் கால்வாயில் எங்களுக்கு
எட்டு நாளைக்கொரு முறைத்தண்ணீர்.
முத்திரை குத்திய களிமண் சில்லை
மடைக்காரனிடம் நீட்டினால் போதும்,
கடவுளைக் கூப்பிட வேண்டியதில்லை.
அப்பா நட்ட எழுபது பேரீச்சைக்கும்
நான்தான் வரிக்கணக்கு எழுதினேன்,
பாபிலோன் எழுத்தில்,
பாபிலோன் மாதப் பெயர்களில்.

பிறகு ராஜா மாறினான்.
புதியவனின் ஆள் சந்தையில் நின்று வாசித்தான்:
போகிறவர்கள் போகலாம்.
அன்றிரவு எங்கள் தெருவில் யாரும் ஆடவில்லை.
நுப்தா மட்டும் மாவு பிசைந்தபடி கேட்டாள்:
"அங்கே தண்ணீருக்கு யாரிடம் போய் நிற்பது?"

நாலு மாத நடை.
ஆரான் தாண்டியதும் ஒரு கழுதை செத்தது.
அதன் சுமையைப் பிரித்துத்
தோளில் போட்டுக்கொண்டோம்.

அப்பா சாவதற்கு முன்
மண்ணில் கோடு கிழித்துக் காட்டிய வீடு:
இரட்டை அத்தி,
பாறையில் குடைந்த மழைத்தொட்டி,
மூலை உடைந்த மூடுகல்.
மிக்மாஸ் மேட்டில் எல்லாம் அப்படியே இருந்தன.
கூடவே
அடுப்பில் புகை இருந்தது,
அடுப்பின் முன் ஒருத்தி இருந்தாள்.

அசூபா.
கைவிடப்பட்டவள் என்று பொருள்.
நகரம் எரிந்த வருஷம் பிறந்தவள்.
தூக்கிப்போகத் தகுதியில்லை என்று
படை விட்டுப்போன ஏழைகளின் மகள்.

"ஆண்டவர் எங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்"
என்றேன், வழியெல்லாம் பழகிய குரலில்.
"அங்கேயா இருந்தார்?" என்றாள்.
"இங்கே ரொம்ப வருஷமாகக் காணோம்.
அதுதான் கேட்டேன்."

என் மடியில் பத்திரம் இருந்தது,
அப்பா சாட்சி வைத்துச் சுட்ட சில்லு.
நான் எடுக்கவில்லை.
ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பு எரிந்தது.

தொட்டியில் வெடிப்பு.
பள்ளத்து ஊற்றிலிருந்து அவள்
நாற்பது வருஷம் தலையில் சுமந்திருக்கிறாள்.
எனக்குக் காரை பூசத் தெரியும்,
கால்வாய் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.
உள்ளே இறங்கினேன்.
கூடை கூடையாகச் சேறு மேலே போயிற்று.
ஒரு கூடையில் குழந்தைச் செருப்பு ஒன்று.
துடைத்து எங்கோ வைத்தாள்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
சுண்ணாம்பும் சாம்பலும் குழைத்துப் பூசி முடித்து
அண்ணாந்தேன்:
வட்டமாய், வெறுமையாய்,
ஒரு துண்டு வானம்.

முன்மாரிக்கு ஒரு சொல்,
பின்மாரிக்கு ஒரு சொல் இந்த மலையில்.
கால்வாய்க்கரையில் இரண்டும் எங்களுக்கு
வெறும் சொல்.
நாக்கு வறள
இரண்டையும் சொல்லிப் பழகினேன்.
எட்டு நாள், இன்னொரு எட்டு,
விரல் தானாக எண்ணியது.
முறை கேட்க ஆளில்லை.
மேகத்துக்கு மடைக்காரன் இல்லை.

ஆடு குட்டி போட முனகிய இரவில்
அது வந்தது.
கூரை வழி, வாய்க்கால் வழி,
தொட்டிக்குள் முதலில் சடசடவென்று,
பிறகு கனத்து,
பிறகு நிறைகிற பாத்திரம் எழுப்பும் அந்த ஒலி.
யாரும் பாடவில்லை.
நுப்தா மூடுகல்லில் காது வைத்துக் கிடந்தாள்.

விடிந்ததும் முடிச்சிட்ட கயிறு இறக்கினோம்:
மூன்றாம் முடிச்சு நனைந்தது.
மறுநாளும் மூன்றாம் முடிச்சு.
அசூபா கயிற்றை இரண்டு தரம் முகர்ந்தாள்.

நகரத்திலிருந்து இளம் லேவியன் ஒருவன்
ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தான்:
இனி இந்த மண்ணில்
கைவிடப்பட்டவள் என்று எவளும் இல்லை,
உன் பெயர் இன்றுமுதல் எப்சிபா,
அவருடைய பிரியம் உன்மேல்.

ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே அவள்:
"இத்தனை வருஷம்
இந்தப் பெயருக்குத்தான் திரும்பியிருக்கிறது என் கழுத்து.
அந்தக் குட்டிக்கு வை தம்பி.
அதற்கு இன்னும் பெயர் இல்லை."

இப்போது காலையில் மிக்மாஸ் மேட்டில்
எப்சிபா, எப்சிபா என்று ஒரு குரல்.
காதுகள் அடித்துக்கொள்ள
ஓடி வருகிறது அவருடைய பிரியம்,
வாயில் யாரோ வீட்டுக் கீரை.

பத்திரத்தை
மூடுகல்லின் உடைந்த மூலைக்கு
முட்டுக் கொடுத்துவிட்டேன்.
கல் ஆடுவதில்லை.

எட்டாம் நாள் விடியலில்
இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது.
மடை திறக்க எழுந்து
முற்றத்துக்கு வந்து நிற்கிறேன்,
கையில் சில்லு இல்லாமல்.